கோர்ட்டில் எழுதிக்கொள்ளாத ஒரு சொல்

தினேசு,

போனை எடுத்தால் நாம் இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறோம். என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்கிறேன். கடுகு எண்ணெய் வாடை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ சொல்கிறாய். அப்பா கடலுக்குப் போனாரா என்று கேட்கிறாய். போனார் என்கிறேன். அதோடு வைத்துவிடுகிறோம். நீ ஒடிசாவுக்கு ரயிலேறிய நாளிலிருந்து இப்படித்தான் போகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள், மகளிர் குழுவில் தீர்மானம் எழுதிப் பழகியவள், எழுத்து எனக்குக் கைவராத காரியம் இல்லை. நம் கேசை நடத்திய வக்கீலம்மா இதைத் தங்கள் சங்கத்து இதழில் போடலாமா என்று கேட்டார். நம் வீட்டில் நடந்தது நெட்டுக்குப்பம் முழுக்கத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரிந்தால் எனக்கு ஒன்றுமில்லை என்றேன். ஆனால் நீ படித்துவிட்டு வேண்டாம் என்றால் வேண்டாம். இது முதலில் உனக்குத்தான்.

டிப்ளமோ முடித்துவிட்டு நீ வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். இங்கிலீஷ் தடுமாறியதால் இரண்டு இன்டர்வியூவில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் வாசலில் இறால் உரித்துக்கொண்டிருப்பேன். நீ எதிரே உட்கார்ந்து பழைய பேப்பரில் வந்த சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுவாய். போகிற வருகிறவர்கள் சிரித்தாலும் நீ நிறுத்த மாட்டாய். கடைசியில் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசர் வேலை கிடைத்தபோது, அதுவும் நம் வீட்டுக்குப் பின்னால் நடந்து போகிற தூரத்திலேயே கிடைத்தபோது, நான் திருவொற்றியூர் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். மஞ்சள் ஹெல்மெட்டும் பச்சை மேல்சட்டையுமாக நீ தெருவில் நடந்தால் எனக்குப் பெருமையில் நடையே மாறிவிடும். சாயந்திரமானால் போனில் எதையோ தட்டி அனுப்புவாய்.

“இன்னாதுடா அது, தெனம் அனுப்பிக்கினே கீற?” என்று ஒருநாள் கேட்டேன்.

“டெய்லி ப்ராக்ரஸ்மா.”

“அப்டினா?”

“முன்னேற்றம். இன்னிக்கு மண்ணு எவ்ளோ தூரம் போச்சுன்னு.”

எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. மகன் முன்னேற்றம் என்று சொன்னது மட்டும் காதில் இனிப்பாக விழுந்தது. அந்த மண் எங்கே போகிறது என்று ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குழாய் கொண்டுபோவதற்காக, நம் படகுகள் முகத்துவாரத்துக்குப் போகிற வாய்க்காலின் குறுக்கே லாரி போகப் பாதை போட்டுக்கொண்டிருந்தீர்கள். அடியில் பெரிய சிமென்ட் குழாய்கள் வைப்போம், தண்ணீர் ஓடும், வேலை முடிந்ததும் மண்ணை எடுத்துவிடுவோம் என்று பஞ்சாயத்தாரிடம் சொல்லியிருந்தார்கள். அந்தச் சிமென்ட் குழாய்கள் கரையிலேயே கிடந்தன. மண் மட்டும் தண்ணீரில் இறங்கிக்கொண்டே போனது.

மண் கொட்டுவதைத் தடுக்க நாங்கள் வாய்க்காலில் இறங்கிய அந்தச் செவ்வாய்க்கிழமையை நீ கரை மேலிருந்து பார்த்தாய். நான் கீழேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஆம்பிளைகள் கடலில் இருந்தார்கள். உன் கன்னியம்மா அத்தைதான் ஒவ்வொரு வீடாகத் தட்டிப் பெண்களைக் கூட்டினாள். உன் அப்பாவுக்கு அக்கா என்றாலும் அவரைவிடத் துணிச்சல்காரி. தண்ணீர் இடுப்பு வரை இருந்தது. அடியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த சேறு, காலை வைத்தால் முழங்கால் வரை இழுத்தது. எண்ணெய் மிதந்து புடவையெல்லாம் கறுப்பாகிவிட்டது. எங்களுக்கு எதிரே மண் அள்ளுகிற பொக்லைன் கையைத் தூக்கி நின்றது. அதை ஓட்டிய வடக்கத்திப் பையன் எங்களைப் பார்த்ததும் லிவரிலிருந்து கையை எடுத்துவிட்டு உன்னைப் பார்த்தான். நீ ஓரத்துக்கு வந்து குனிந்து, யாருக்கும் கேட்காத மாதிரிப் பேசினாய்.

“அம்மா, மேல ஏறு. வழுக்கிக்கினு போவுது.”

“நீ வண்டிய நிறுத்து, ஏறுறேன்.”

“நான் சொன்னா நிக்காதும்மா. நான் வெறும் சூப்பர்வைசர்.”

“அப்ப நானும் வெறும் உங்கம்மாதான். நின்னுகினு போறேன்.”

உன் முகம் சுருங்கியது. அதற்குள் உன் மேனேஜர் போனில் கத்தினார். பொக்லைன் அந்தப் பக்கம் போய்க் கொட்டியது. நாங்கள் சேற்றில் காலை உருவி உருவி அந்தப் பக்கம் போனோம். அது இந்தப் பக்கம் வந்தது. வெயில் ஏறி இறங்குகிற வரைக்கும் இதேதான். நடுவில் ஒரு தடவை நீ தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கரையோரம் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போய்விட்டாய். அத்தை அதைக் காலால் தள்ளினாள். நான் எடுத்துக் குடித்தேன். எனக்குத் தாகமாக இருந்தது.

அப்ஸ்ட்ரக்ட் என்கிற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அன்று சாயந்திரம் போலீஸ் ஸ்டேஷனில். ஈரப் புடவையோடு பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். எஸ்.ஐ. புகாரைப் படித்துவிட்டு, “நீங்கல்லாம் சேந்து ஒர்க்க அப்ஸ்ட்ரக்ட் பண்ணீங்கன்னு எழுதிக் குடுத்துக்கிறாங்க,” என்றார்.

“இன்னா பண்ணோம்?” என்றாள் அத்தை.

“அப்ஸ்ட்ரக்ட்மா. மறிச்சீங்க.”

“ஆமா, மறிச்சோம்,” என்றாள் அத்தை. தலையை நிமிர்த்திச் சொன்னாள். யாரோ எங்களுக்குக் கொடுத்த பட்டம் மாதிரி இருந்தது அது. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எஸ்.ஐ. மேலே படித்தார். சாட்சிகள் என்று மூன்று பெயர் சொன்னார். இரண்டாவது பெயர் உன்னுடையது. சிரிப்பு நின்றது. அத்தை என் பக்கம் திரும்பவில்லை. நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே, “உம் புள்ளதான?” என்று மட்டும் கேட்டாள்.

ஜாமீனில் விட்டு நான் வீட்டுக்கு வந்தபோது நீ எனக்கு முன்னால் வந்து சோறு வடித்து வைத்திருந்தாய். அப்பா வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தைக்கவில்லை. நீ தானாகவே சொன்னாய்: “அங்க யார் யார் இருந்தாங்கன்னு கேட்டாங்க. நான் இருந்தேன். பேர் போட்டுக்கினாங்க.” அப்பா என்னைப் பார்த்துத்தான் பேசினார். “எங்கக்கா மேல கேசு, எம் பொண்டாட்டி மேல கேசு, எம் புள்ள சாட்சி. சோக்கா கீது.” அதற்குப் பிறகு நீ ஊரைவிட்டுப் போகிற வரைக்கும் அவர் உன்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. நீ உள்ளே சாப்பிட்டால் அவர் வெளியே சாப்பிட்டார். சின்ன வீடு. இரண்டு பேருக்கும் நடுவில் தட்டை வைத்துக்கொண்டு நான் அங்குமிங்கும் நடந்தேன். யார் பக்கம் முதலில் பரிமாறுவது என்பதுகூட ஒரு முடிவாகிவிட்டது.

வக்கீலம்மாவைப் பார்க்கப் போனது உனக்குத் தெரியும், அங்கே பேசியது தெரியாது. எம்.கே.பி. நகரில் மாடிமேல் ஒரே ஒரு அறை. சின்னப் பெண்தான், உன்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். எங்கள் மேல் போட்டிருக்கிற சட்டப் பிரிவு என்ன சொல்கிறது என்று விளக்க வந்து, நாங்கள் விழிப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வாசல்படியில் குறுக்கே நின்றார். “அக்கா, இப்ப வெளிய போங்க பாக்கலாம்,” என்றார். அத்தை போகப் பார்த்தாள், முடியவில்லை. “இதான் அப்ஸ்ட்ரக்ட். வழிய அடச்சு, ஆள போக வுடாம பண்றது.” பிறகு விலகி, அத்தையை நடக்கச் சொல்லி, பின்னாலிருந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அத்தை இழுத்துக்கொண்டே வாசலைத் தாண்டினாள். “போயிட்டீங்களா? லேட்டா போனீங்க, கஷ்டப்பட்டுப் போனீங்க. ஆனா போயிட்டீங்க. இது ஹிண்டர். இம்பீட்னும் சொல்வாங்க, அது காலக் கட்டிவுட்ட மாதிரி. இதெல்லாம் இடைஞ்சல். இடைஞ்சல் வேற, மறிக்கிறது வேற. நம்ம மேல போட்டுக்கிற பிரிவு மறிக்கிறதுக்குத்தான். வேலை நிக்கல, இடைஞ்சல்தான் ஆச்சுன்னு தெரிஞ்சா கேசு நிக்காது.”

எல்லோருக்கும் மூச்சு வந்தது. அத்தைக்கு மட்டும் முகம் இறுகியது. “அப்ப நாங்க நிறுத்தலன்னு நாங்களே சொல்லணுமா?” என்றாள்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா. சாட்சி சொன்னா போதும்.”

“நாள் பூரா சேத்துல நின்னோமே. அது ஒண்ணுமே இல்லன்னா வெளிய வுடுவாங்களா?”

வக்கீலம்மா கேசுக் கட்டை மூடினார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே எண்ணிக்கொண்டு வந்தேன். நாங்கள் நிறுத்தினோம் என்றால் குற்றவாளிகள். நிறுத்தவில்லை என்றால் விடுதலை, ஆனால் தோற்றவர்கள். அந்த இரண்டில் எது என்று சொல்லப்போகிற வாய் என் மகனுடைய வாய்.

உனக்கு இருந்த நெருக்கடியையும் நான் அறியாதவள் இல்லை. வேலை முழுதாக நின்றுபோனது என்று நீ சொல்ல வேண்டும் என்று மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னதை நீயே என்னிடம் சொன்னாய். அவர்கள் வேலை ஏற்கெனவே தாமதமாகியிருந்தது, மேலே காரணம் காட்ட எங்கள் தலை தேவைப்பட்டது. நீ அதைச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாய். நான் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

கோர்ட்டுக்குப் போகிற அன்று காலையில்தான் வாயைத் திறந்தேன். நீ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். குப்பத்தில் எல்லோரும் நான் உன்னிடம் என்ன கேட்பேன் என்று எதிர்பார்த்தார்களோ அதை நான் கேட்கவில்லை.

“நாங்க நிறுத்திட்டோம்னு சொல்லு நைனா,” என்றேன்.

நீ இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினாய். “இன்னாம்மா சொல்ற? உள்ள வெப்பாங்க.”

“வெக்கட்டும். அந்த ஒரு நாளாவது மண்ணு நின்னுச்சுன்னு கோர்ட்டுல எழுதட்டும்.”

“நிக்கலம்மா. நானே ராத்திரி ரிப்போர்ட் அனுப்பினேன். கொறச்சலா போச்சு, ஆனா போச்சு. இல்லாதத எப்டி சொல்றது?”

“உங்க மேனேஜரும் அதத்தான சொல்லச் சொல்றாரு. உனக்கும் வேலை நெலைக்கும்.”

நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. கோபம்கூட இல்லை. களைப்பு. “ரெண்டு பேரும் ஒரே பொய்யத்தான் கேக்கிறீங்க,” என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டாய். நான் கேட்டது சரியா, தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்று என் மனசில் இருந்தது அதுதான், அதனால் கேட்டேன். உனக்கு வேலை நிலைக்கும் என்று கடைசியில் ஒட்டவைத்தேனே, அது மட்டும் எனக்கே பிடிக்கவில்லை.

கோர்ட்டில் நீ கூண்டில் ஏறி நின்றபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அரசு வக்கீல் வேகவேகமாகக் கேட்டார். இவர்கள் வேலையை அப்ஸ்ட்ரக்ட் செய்தார்களா? நீ இங்கிலீஷில் இல்லை என்றாய், ஹிண்டர் என்று ஏதோ சொன்னாய். நீதிபதி பேனாவை நிறுத்தி, “தமிழ்லயே சொல்லுங்க,” என்றார்.

“இடைஞ்சல் பண்ணாங்க சார். நிறுத்தல. அவங்க இந்தப் பக்கம் நின்னா நாங்க அந்தப் பக்கம் கொட்டினோம்.”

“போலீஸ்ல குடுத்த வாக்குமூலத்துல நின்னுச்சுன்னு இருக்கே?” என்றார் அரசு வக்கீல்.

“அத நான் சொல்லல சார். அவங்களே எழுதிக்கினாங்க.”

பின்னால் உட்கார்ந்திருந்த உன் மேனேஜர் எழுந்து வெளியே போனார். இந்தக் கூட்டத்தில் உன் தாயார் யார் என்று அரசு வக்கீல் கேட்டார். நீ என்னைக் கைகாட்டினாய். விரலை நேராகத்தான் நீட்டினாய். தாய்க்காக மாற்றிச் சொல்கிறான் என்றார் அவர். பிறகு நம் வக்கீலம்மா எழுந்தார். கேட்க வேண்டியது எதுவும் மிச்சமில்லை, நீ சொன்னதே போதும். இருந்தாலும் அவர் உட்காரவில்லை.

“அந்த மண்ணு கொட்டி முடிச்ச பொறவு, வாய்க்கால்ல படகு போக வழி இருந்துச்சா?”

“இல்ல.”

“கொஞ்சம்? லேட்டா, கஷ்டப்பட்டு, எப்டியாவது?”

“இல்ல மேடம்.”

“அப்ப அது ஹிண்டரா, அப்ஸ்ட்ரக்டா?”

நீ எங்களைப் பார்க்கவில்லை, அவர்களையும் பார்க்கவில்லை, உன் ஷூவைப் பார்த்தாய். “அப்ஸ்ட்ரக்ட்,” என்றாய். வீட்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துப் பழகியபோது சொல்வாயே, அதேபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாய். அரசு வக்கீல் ஆட்சேபித்தார். இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை, எழுதிக்கொள்ள வேண்டாம் என்று நீதிபதி சொல்லிவிட்டார். டைப் அடிக்கிற அம்மா கையை எடுத்துவிட்டார். ஆனால் அறையில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டோம்.

எங்களை விடுதலை செய்தார்கள். அந்த வாரமே உன்னை வேலையிலிருந்து எடுத்தார்கள். குப்பத்தில் உனக்கு மாலை போடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் ஊர் இப்படி இரண்டாகப் பேசும் என்றும் எதிர்பார்க்கவில்லை. நீ காப்பாற்றினாய் என்று சிலர், எங்களைக் கையாலாகாதவர்களாக்கி வெளியே விட்டாய் என்று சிலர். “பொய் சொல்லல, அது வரைக்கும் சரி. ஆனா அந்த மண்ண மொத நாள்ல இருந்து போட்டவனும் அவன்தான்,” என்றாள் அத்தை. அதையும் உன்னிடம் மறைக்காமல் எழுதிவிடுகிறேன் தினேசு. ஒடிசாவில் துறைமுக வேலை என்று நண்பன் சொல்ல, இரண்டு சட்டையை மடித்து வைத்துக்கொண்டு நீ கிளம்பினாய். அப்பா அன்று வேண்டுமென்றே சீக்கிரமாகக் கடலுக்குப் போய்விட்டார்.

நீ போன பிறகு மழை வந்தது. வாய்க்கால் அடைபட்டதால் தண்ணீர் நம் தெருவுக்குள் ஏறியது. அதற்குப் பிறகுதான் வந்து மண்ணை வெட்டி இரண்டு குழாய் வைத்தார்கள். தண்ணீர் போகிறது, படகு போகாது. உன் அப்பாவும் மற்றவர்களும் படகை அந்த மண்மேட்டின் மேல் ஏற்றி இழுத்து அந்தப் பக்கம் இறக்குகிறார்கள். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. அவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. தைலம் தேய்த்துவிடும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

இப்போது இந்தக் கடிதம் எதற்கென்று சொல்லிவிடுகிறேன். அந்த மண்மேட்டை எடுக்கச் சொல்லி வக்கீலம்மா ஐகோர்ட்டில் மனு போட்டிருக்கிறார். உள்ளே இருந்து வேலை செய்தவன் ஒருத்தன் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தால் வழக்குக்குப் பெரிய பலம் என்கிறார். குழாய்கள் கரையில் கிடக்க மண் மட்டும் போனது, படகுக்கு வழி அடைபட்டது, இதை நீ சொன்னால் இந்தத் தடவை எழுதிக்கொள்வார்கள். உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். முதலில் மாட்டேன் என்றேன். உன் பழைய கான்ட்ராக்டருக்கு எல்லாத் துறைமுகத்திலும் ஆள் இருக்கிறது. நீ இங்கே வந்து வாயைத் திறந்தால் அங்கே உன் வேலை இருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை உன்னிடம் கேட்கக்கூடாததைக் கேட்டவள் நான், மறுபடியும் எந்த முகத்தோடு கேட்பேன் என்று இருந்தேன். பிறகு யோசித்தேன். உனக்கு நல்லது என்று நினைத்து இந்தச் செய்தியையே உன்னிடமிருந்து மறைத்தால், உன் வாசலில் குறுக்கே நிற்பது நான்தான்.

நேற்று இதை அப்பாவிடம் சொன்னேன். வேண்டாம் என்பார், இல்லையென்றால் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் வலையை ஓரமாக வைத்துவிட்டு, “அன்னிக்கு நான் கோர்ட்டுக்கு வந்தேன்,” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜன்னலுக்கு வெளியே நின்றாராம். யாரும் பார்க்கவில்லை.

“இன்னா கேட்ட?” என்றேன்.

“அவன் கடசியா சொன்னத கேட்டேன். அர்த்தம் தெரியல. பக்கத்துல நின்ன ஆள கேட்டேன், சொன்னாரு.” தோளைத் தேய்த்துக்கொண்டார். “வர்றதுன்னா வரட்டும். வரலன்னாலும் அவன ஒண்ணும் சொல்லாத. அங்க அவனுக்கு இன்னா கஷ்டமோ.”

எனக்கு நீ வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதை மறைத்து எழுதத் தெரியவில்லை. ஆனால் என் ஆசையை நீ ஒரு உத்தரவாக எடுத்துக்கொள்ளாதே. அங்கே நீ போடுகிற மண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு மீனவர் குப்பம் இருக்கிறது என்று போன மாதம் ஒரே ஒருமுறை சொன்னாய், நான் சட்டென்று பேச்சை மாற்றிவிட்டேன். இனிமேல் மாற்ற மாட்டேன். அவர்களைப் பற்றிச் சொல். அவர்கள் படகு எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துச் சொல். வருவதாக இருந்தாலும், இல்லை என்றாலும் அதைப் போனில் சொல், சாப்பாட்டைப் பற்றிப் பிறகு பேசலாம்.

வருகிறாய் என்றால் சென்ட்ரலில் இறங்கி லோக்கல் ரயில் பிடித்து வா. எண்ணூர் ஸ்டேஷனில் அப்பா நிற்பார், என்னிடம் சொல்லிவிட்டார். ஒன்றும் பேச மாட்டார். உன் பையைத் தூக்கக் கை நீட்டுவார். தோள் வலிக்குமே என்று பார்க்காதே, கொடுத்துவிடு.

அம்மா